தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது யார்? நெல்லைச் சீமையும் நெடுந்தூரத் துப்பாக்கியும்

நாங்குநேரியிலிருந்து வள்ளியூர், பணகுடி வழியாகத் தெற்கே கன்னியாகுமரி சாலையில் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்காமல் போக முடியாது. ஒன்று, மேற்கே கூடவே வரும் மலைத்தொடர். மற்றொன்று, போகப் போகப் பெருகிக்கொண்டே போகும் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் ஆளையே தள்ளும்.

இதே சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லின் அருகே நின்று அடுத்த கல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அந்தத் தூரத்தில் 86 மீட்டரைக் கழித்தால் 1000 கஜம். நெடுந்தூர இலக்குச் சுடுதல் என்ற விளையாட்டில் மிகப் பழமையான, மிக மதிப்புள்ள தூரம் அதுதான். அங்கே நிற்கும் இலக்கின் நடுவட்டம் சுமார் இரண்டடி அகலம். அதில் அடுத்தடுத்துக் குண்டுகளைப் போட வேண்டும், அதுவும் காற்று வீசும்போது!

இதற்காக ஒருவர் தனக்கென்று அளவெடுத்து ஒரு ரைஃபிள் செய்துகொள்ள விரும்பினால் அவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எது? குழல் அல்ல, கட்டை அல்ல, தொலைநோக்கியும் அல்ல. தோட்டாதான். தோட்டாவை முடிவு செய்த பிறகே அதற்கேற்ற குழலும் மற்றவையும். உலகின் பல நாடுகளில் இது ஓர் இயற்பியல் கேள்வி. ஆனால் நம் நாட்டில், குறிப்பாக நெல்லைச் சீமையில், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது வேறு வகைக் கேள்வியாகவே இருந்து வந்திருக்கிறது. எந்தத் தோட்டா சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தோட்டாவை வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரை.

தோட்டா என்றால் என்ன?

பலரும் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். குண்டு என்பது பறந்து போய் இலக்கில் படும் ஈயத் துண்டு மட்டுமே. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. குண்டு, அதைத் தள்ளும் வெடிமருந்து, அந்த மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. பழைய காலத்தில் பித்தளைக்குப் பதில் காகிதம் இருந்தது.

தோட்டாவின் பெயர்களும் குழப்பமானவை. போலீஸ்காரர்கள் கையில் நெடுங்காலம் இருந்த "த்ரீ நாட் த்ரீ" என்பது .303 அங்குலம், அதாவது சுமார் 7.7 மில்லிமீட்டர். அது குழலின் துளை அளவு. ஆனால் ஒரே துளை அளவில் பல தோட்டாக்கள் உண்டு. கூடு நீளமாக இருக்கலாம், குட்டையாக இருக்கலாம், மருந்து கூடலாம், குறையலாம். ஒன்றுக்கான துப்பாக்கியில் இன்னொன்று நுழையாது. இந்தச் சின்ன விவரம்தான் பின்னால் ஒரு பேரரசின் கையில் பூட்டாகப் பயன்பட்டது.

பறிக்கப்பட்ட ஆயுதங்கள்

கதை பாளையக்காரர் காலத்திலிருந்து தொடங்குகிறது. பாஞ்சாலங்குறிச்சி வீரர்களிடம் நீண்ட ஈட்டிகளும் வாள்களும் திரித் துப்பாக்கிகளும் இருந்தன. திரித் துப்பாக்கியில் எரியும் கயிறு ஒன்று மருந்தைத் தொட்டால்தான் வெடிக்கும். கும்பினிப் படையிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கவைக்கும் மஸ்கட். அதன் துளை .75 அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். குழலுக்குள் புரிகள் கிடையாது. உருண்டைக் குண்டு குழலுக்குள் தள்ளாடியபடியே வெளியேறும். நூறு கஜத்துக்கு அப்பால் தனி ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆகவே அன்று இரண்டு தரப்புக்கும் துப்பாக்கியில் இருந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் அல்ல. 1799 செப்டம்பரில் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் மீது நடத்திய முதல் தாக்குதல் தோற்றது. 1801 மார்ச் இறுதியில், ஊமைத்துரை மீண்டும் கட்டிய மண்கோட்டையின் முன் கும்பினிப் படை மறுபடி தோற்றது. மேலும் படைகளும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகு 1801 மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது.

வென்றவர்கள் முதலில் செய்த காரியம் என்ன? 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதே மாதத்தில் பாளையக்காரர்கள் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை அரசு வெளியிட்ட அறிவிப்பு இதை இன்னும் இறுக்கியது. நாங்குநேரிக்குத் தென்கிழக்கே இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் இந்தப் போர்களையும் அதைத் தொடர்ந்த ஆயுதப் பறிப்பையும் விரிவாகப் பேசுகிறது.

1857-ன் பிரபலமான ஆயுதக் கலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஆயுதம் வைத்திருப்பது குற்றம் என்ற நிலை நெல்லைச் சீமைக்கு வந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

1857: ஒரே ஆண்டில் இரண்டு தோட்டாக்கள்

1857 என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கொழுப்பு தடவிய தோட்டா. என்ஃபீல்டு 1853 மாடல் ரைஃபிளின் துளை .577 அங்குலம். அதன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாக 1857 ஜனவரியில் டம்டம்மில் பேச்சு கிளம்பியது. மே மாதம் மீரட்டில் கலகம் வெடித்தது. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதைக் கடிக்கப் போகிறவர்களைக் கேட்கவில்லை என்பதே அந்தக் கதையின் சாரம்.

பலருக்கும் தெரியாத இன்னொரு தோட்டாக் கதையும் அதே 1857-ல் நடந்தது. இங்கிலாந்தில் ஹைத் என்ற இடத்தில் ஒரு போட்டிச் சோதனை. ஒரு பக்கம் ராணுவத்தின் என்ஃபீல்டு. இன்னொரு பக்கம் மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் செய்த ரைஃபிள். இரண்டின் குண்டுக்கும் எடை ஒன்றுதான், 530 கிரெய்ன், அதாவது சுமார் 34 கிராம். ஆனால் விட்வொர்த் துளையை .577-லிருந்து .451 அங்குலமாகக் குறைத்துவிட்டார். எடை குறையாமல் பருமன் குறைந்தால் என்ன ஆகும்? குண்டு நீளும். நீண்ட குண்டு தலைகுப்புறப் புரளாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். என்ஃபீல்டின் புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த்தின் புரியோ 20 அங்குலத்துக்கே ஒரு சுற்று!

முடிவு இதுதான். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் இரண்டடிக்கும் மேல். விட்வொர்த்தின் விலகல் நான்கரை அங்குலத்துக்குள். 1400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கையே தொடவில்லை, விட்வொர்த் அடித்தது. 1860-ல் விம்பிள்டனில் நடந்த முதல் தேசிய ரைஃபிள் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தபோது, தாங்கியில் பொருத்தி வைத்த விட்வொர்த் ரைஃபிளால் 400 கஜத்தில் சுட்டார். குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிப் பட்டது.

ஆனால் விலை அதிகம், மருந்துக் கசடு சீக்கிரம் படிகிறது என்று ராணுவம் அதை ஏற்கவில்லை. என்றாலும் விட்வொர்த் கண்டுபிடித்த உண்மை நிலைத்துவிட்டது. நெடுந்தூரத்துக்குப் பருத்த குண்டு வேண்டாம், மெலிந்து நீண்ட குண்டு வேண்டும். இன்றைக்கு வரும் எந்த நெடுந்தூரத் தோட்டாவும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே.

எப்போதும் ஒரு படி பின்னால்

1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் எடுத்த பாடம் வேறு. இந்தியச் சிப்பாய்களிடம் நல்ல ரைஃபிள் இருக்கக் கூடாது! பார்ப்பதற்கு என்ஃபீல்டு போலவே இருக்கும், ஆனால் உள்ளே புரிகளே இல்லாத .656 அங்குலத் துப்பாக்கிகளை இந்தியப் படைகளுக்கென்று தனியாகச் செய்து கொடுத்தார்கள். உருவம் புதியது, உள்ளம் பழைய மஸ்கட். பின்னர் வெள்ளைப் படைகளுக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது இந்தியப் படைகளுக்கு ஸ்னைடர். வெள்ளைப் படைகளுக்கு .303 வந்தபோது இந்தியப் படைகளுக்கு மார்ட்டினி. எப்போதும் ஒரு படி பின்னால் வைத்திருப்பதே கொள்கை.

பொதுமக்களுக்கு 1878-ன் ஆயுதச் சட்டம் வந்தது. லிட்டன் பிரபு காலத்துச் சட்டம் அது. இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. ஒரே ஊரில் ஒரே புலிக்குப் பயந்து வாழும் இரண்டு பேரில், தோலின் நிறம் பார்த்து ஒருவருக்கு மட்டும் துப்பாக்கி! தொடக்க காலக் காங்கிரஸ் இந்தச் சட்டத்தைத் தொடர்ந்து எதிர்த்து வந்தது.

ரிக்பி செய்ததும் இந்தியா தடுத்ததும்

1874-ல் அமெரிக்காவில் நியூயார்க் அருகே கிரீட்மோர் என்ற மைதானத்தில் ஒரு பெரிய போட்டி நடந்தது. 800, 900, 1000 கஜத் தூரங்களில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அயர்லாந்துக்காரர்கள் முன்வாய் வழியாக மருந்து இடிக்கும் ரைஃபிள்களை வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் பின்பக்கம் தோட்டா செருகும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைஃபிள்களை வைத்திருந்தார்கள். 934-க்கு 931 என்று மூன்றே புள்ளிகளில் அமெரிக்கா வென்றது. கூடு உள்ள உலோகத் தோட்டாவின் காலம் வந்துவிட்டது என்பதை உலகம் ஒப்புக்கொண்ட நாள் அது எனலாம்.

தோற்ற அணியில் இருந்தவர் டப்ளின் துப்பாக்கி வினைஞர் ஜான் ரிக்பி. அவரே பின்னர் 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையின் கண்காணிப்பாளராக இருந்தார். 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் .303 தோட்டாவை ஏற்றது அவர் காலத்தில்தான். முதலில் கருமருந்து, சில ஆண்டுகளில் புகையில்லாத கார்டைட். 1910-ல் வந்த கூர்முனை மார்க் 7 குண்டுடன் அது ஒரு முழுமையான நெடுந்தூரத் தோட்டாவாக மாறியது. பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரணக் குடிமக்கள் இதே தோட்டாவால் 1000 கஜம் வரை போட்டிகளில் சுட்டுப் பழகினார்கள்.

ரிக்பி நிறுவனம் 1898-ல் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. யானை, காட்டெருமை வேட்டைக்கானது. இந்தியாவில் இருந்த வேட்டைக்காரத் துரைகளுக்கும் மன்னர்களுக்கும் அது மிகவும் பிடித்துப்போனது.

1907-ல் கதவு மூடியது. மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் குண்டும் .450 அளவுதான். வடமேற்கு எல்லையிலும் வேறு இடங்களிலும் எதிர்ப்பாளர்கள் கையில் ஆயிரக்கணக்கான மார்ட்டினிகள் இருந்தன. வேட்டைத் தோட்டாவைப் பிரித்துக் குண்டை எடுத்து அவற்றுக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தால் .450 அளவுக்கு இந்தியாவில் தடை வந்தது. ராணுவத்தின் .303-ம் இதே காரணத்தால் பொதுமக்களுக்கு எட்டாததாக ஆக்கப்பட்டது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புதிய அளவுகளைக் கொண்டுவந்தார்கள். இன்றும் ஆப்பிரிக்காவில் பெரும்புகழ் பெற்ற .470 பிறந்ததற்குக் காரணம் இயற்பியல் அல்ல, இந்திய அரசின் ஒரு தடை உத்தரவு!

தடை போட்டதால் ஆயுதம் வராமல் இருந்துவிட்டதா? 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. பயிற்சிக்கு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியும் அங்கே வ.வே.சு. ஐயரும் இருந்தார்கள். லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தவன்தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டான், துணிந்தவனுக்குக் கடல் வழி திறந்தே இருந்தது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

.315: பூட்டுக்காகவே பிறந்த தோட்டா

.303 கூடாது என்றால் லைசென்ஸ் பெற்ற ஜமீன்தாரும் மிராசுதாரும் எந்த ரைஃபிளை வாங்குவது? பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி ஒரு வழி கண்டது. ரைஃபிளின் உடம்பு அதே லீ-என்ஃபீல்டு. குழலும் தோட்டாவும் மட்டும் வேறு. ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை எடுத்து, .315 என்ற ஆங்கில அளவுப் பெயரைச் சூட்டி இந்தியச் சந்தைக்கு அனுப்பினார்கள். அரசுக் கிடங்கிலிருந்து திருடிய .303 தோட்டா இதில் பொருந்தாது. இதன் தோட்டா ராணுவத் துப்பாக்கியில் பொருந்தாது. ஆளுவோருக்கு அது போதும்.

விடுதலைக்குப் பிறகு வங்காளத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை அதே .315-ஐத் தானே செய்து விற்றது. இன்றும் இந்தியாவில் லைசென்ஸ் உள்ள ஒருவர் வாங்கக்கூடிய உள்நாட்டு ரைஃபிள் என்றால் முதலில் வரும் பெயர் .315-தான்.

இதன் குண்டு 244 கிரெய்ன், சுமார் 16 கிராம். மழுங்கிய மூக்கு, குறைந்த வேகம். நூறு நூற்றைம்பது மீட்டரில் காட்டுப்பன்றியை வீழ்த்த இது தாராளமாகப் போதும். ஆனால் நாங்குநேரியின் அடுத்த கிலோமீட்டர் கல் இருக்கும் தூரத்துக்கு? மழுங்கிய மூக்கு காற்றோடு மல்லுக்கட்டி வேகத்தை இழந்துவிடும். விட்வொர்த் 1857-ல் காட்டிய பாதைக்கு நேர் எதிரான குண்டு இது.

வேட்டையும் முடிந்தது. 1962-ல் முண்டந்துறை புலிகள் சரணாலயமானது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் களக்காடு சரணாலயம், 1988-ல் இரண்டும் சேர்ந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். காடும் விலங்கும் பிழைக்க இது மிக அவசியமான மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் .315 எதற்காக உயிரோடு இருந்ததோ அந்தக் காரணமும் அத்தோடு போய்விட்டது. வேட்டைக்கும் உதவாமல் விளையாட்டுக்கும் உதவாமல் அது பல வீடுகளில் கௌரவப் பொருளாக நிற்கிறது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும், முடிந்ததும் திரும்ப வாங்கி வருவதுமே அதன் பயணம்!

விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்த பட்டியல்

1959-ல் சுதந்திர இந்தியா தன் சொந்த ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 1878-ன் சட்டம் போனது. ஆனால் "தடைசெய்யப்பட்ட அளவு" என்ற எண்ணம் போகவில்லை. .303, 7.62 மி.மீ., 9 மி.மீ. போன்ற படைத்துறை அளவுகளுக்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். மற்றவற்றுக்கு மாவட்ட அளவிலேயே லைசென்ஸ். 2016-ல் விதிகள் புதிதாக எழுதப்பட்டன. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு.

அரசின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். படைக் கிடங்கிலிருந்து தோட்டா கசிந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்ற பயம் எந்த அரசுக்கும் இருக்கும். பழிக்குப் பழி என்று தலைமுறை கடந்தும் பகை தொடரும் ஊர்கள் உள்ள மாவட்டத்தில், துப்பாக்கி எளிதாகக் கிடைக்காமல் இருப்பதால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் நிச்சயம் உண்டு. அரிவாளுக்கு எட்டும் தூரம் ஒரு கை நீளம். ரைஃபிளுக்கு அப்படி அல்ல. இதை மறந்துவிட்டு அமெரிக்கா போல் எல்லோருக்கும் துப்பாக்கி என்று பேசுவது சரியல்ல.

கேள்வி அதுவல்ல. அளவைத் தடை செய்வதால் ஆபத்து குறைகிறதா என்பதே கேள்வி. தடை இல்லாத .30-06 தோட்டா தடையுள்ள .303-ஐவிட வலிமையானது. இச்சாப்பூரிலேயே அதற்கான ரைஃபிளும் செய்யப்பட்டது. ஆக, பட்டியல் வலிமையைப் பார்த்துப் போடப்பட்டதல்ல. ராணுவத்தின் தோட்டாவோடு பொருந்தக் கூடாது என்ற 1907-ன் பயமே இன்னும் பேசுகிறது.

விளையாட்டில் இதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது. இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951-ல் தொடங்கப்பட்டது. ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் இந்தியாவின் ஒரே தங்கம், 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்றது. 10 மீட்டர், 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கி. அதில் தோட்டாவே கிடையாது. 2024-ல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வென்ற வெண்கலம் 50 மீட்டர், சிறிய .22 தோட்டா. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் காற்று ரைஃபிள் வீராங்கனையே. 300 மீட்டர் ரைஃபிள் 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய துளை ரைஃபிள் இந்தியாவில் பெரும்பாலும் ராணுவ, போலீஸ் வீரர்களின் விளையாட்டாகவே இருந்துவிட்டதற்குத் தோட்டா கிடைக்காததும் ஒரு பெரிய காரணம்.

இன்று ஒருவர் தேர்ந்தெடுத்தால்?

சட்டத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நாங்குநேரிக் காற்றில் 1000 கஜம் சுட எந்தத் தோட்டா ஏற்றது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு விதி. பக்கவாட்டுக் காற்று குண்டை எவ்வளவு ஒதுக்கும் என்பது குண்டு பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததல்ல. காற்றின் தடையால் அது எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. காற்றே இல்லாத வெளியில் 1.15 விநாடியில் போக வேண்டிய குண்டு, காற்றில் 1.7 விநாடி எடுத்துக்கொண்டால் தாமதம் 0.55 விநாடி. அந்த 0.55 விநாடியில் காற்று எவ்வளவு தூரம் நகருமோ அவ்வளவு தூரம் குண்டும் ஒதுங்கும்.

7.62 நேட்டோ தோட்டாவின் வணிக வடிவமான .308-ல் 175 கிரெய்ன் குண்டுக்கு ஏறத்தாழ இந்தக் கணக்குதான். மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று குறுக்கே வீசினால் 1000 கஜத்தில் சுமார் இரண்டரை மீட்டர் ஒதுங்கும். அதாவது இலக்குப் பலகையையே தாண்டிப் போய்விடும். பணகுடிப் பக்கம் ஆடிக் காற்று இதைவிடப் பலமானது!

6.5 கிரீட்மோர் என்பது 2007-ல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்த தோட்டா. 1874-ல் போட்டி நடந்த அந்த மைதானத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். குண்டு .308-ஐவிட மெலிந்தது, இலேசானது, ஆனால் தன் பருமனுக்கு மிக நீளமானது. அதே காற்றில் சுமார் ஒன்றேமுக்கால் மீட்டர்தான் ஒதுங்கும். உதையும் குறைவு. விட்வொர்த்தின் விதி 150 ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்கிறது.

.338 லாபுவா மேக்னம் இன்னும் குறைவாக ஒதுங்கும், 1500 மீட்டர் வரை போகும். 2019-ல் இந்திய ராணுவம் எல்லையில் பயன்படுத்தத் தொடங்கிய இத்தாலிய ஸ்கார்பியோ ரைஃபிள் இந்தத் தோட்டாவுக்கானது. ஆனால் உதை கடுமை, செலவு மிக அதிகம். காகித இலக்கைச் சுட அது தேவையில்லை. 300 மீட்டர் மட்டும் போதும் என்பவர்களுக்கு 6 மி.மீ. பி.ஆர். என்ற குட்டைத் தோட்டா உலகப் போட்டிகளில் புகழ்பெற்றது.

வெயிலையும் மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் காய்ந்த தோட்டாவில் மருந்து வேகமாக எரியும், அழுத்தம் கூடும், குண்டு மேலே போய்ப் படும். தோட்டாவை நிழலில் வைப்பது நெல்லைச் சீமையில் கட்டாயம். குழலின் ஆயுளும் ஒரு கணக்கு. சிறிய துளையில் நிறைய மருந்தை எரித்தால் குழல் சீக்கிரம் தேயும். .308-ன் குழல் 6.5-ன் குழலைவிட நெடுநாள் உழைக்கும். புதுக் குழல் வாங்கவே தாள் தாளாக அனுமதி வாங்க வேண்டிய நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் காற்றுக்கு விடை 6.5, குழல் ஆயுளுக்கு விடை .308. இதில் .308 தடைசெய்யப்பட்ட 7.62-ஓடு ஏறத்தாழ ஒரே உருவம் என்பதால் பட்டியலின் நிழல் அதன் மேலும் விழுகிறது. 6.5-க்கு உள்நாட்டில் ரைஃபிளும் இல்லை, தோட்டாவும் இல்லை. இறக்குமதி சலுகை தேர்ச்சி பெற்ற வீரர்களுக்கு உண்டு. ஆனால் அந்தத் தேர்ச்சியைப் பெற முதலில் சுட்டுப் பழக வேண்டுமே! நீந்தத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் குளத்தில் இறங்க அனுமதி என்பது போலத்தான் இது.

இரண்டு வகைக் கட்டுப்பாடுகள்

2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியின்போது குர்கான் அருகே காதர்பூரில் உள்ள சி.ஆர்.பி.எஃப். மைதானத்தில் பெரிய துளை ரைஃபிள் போட்டி 1000 கஜம் வரை நடந்தது. தனிநபர் தங்கத்தை வென்றவர் பராக் படேல். பெயரைப் பார்த்து இந்தியர் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் இங்கிலாந்துக்காகச் சுட்டவர்.

அந்தப் போட்டியிலும் தோட்டாவுக்குக் கட்டுப்பாடு உண்டு. எல்லோரும் 7.62 அளவுத் தோட்டாவால்தான் சுட வேண்டும். 6.5 கொண்டுவர முடியாது, .338 கொண்டுவர முடியாது. ஏன்? பணம் உள்ளவன் நல்ல தோட்டா வாங்கி ஜெயித்துவிடக் கூடாது, காற்றைப் படிக்கத் தெரிந்தவன் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக. அங்கே கட்டுப்பாடு எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது.

1799-ன் அறிவிப்பும், புரியில்லாத .656-ம், 1907-ன் தடையும் வேறு வகைக் கட்டுப்பாடுகள். ஒருவன் இன்னொருவனுக்குச் சமமாகிவிடக் கூடாது என்பதற்காகப் போட்டவை. ஆட்களும் ஆட்சியும் மாறிவிட்டன. பட்டியல் மட்டும் பெருமளவு பழைய பயத்தின் சாயலிலேயே இருக்கிறது. ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்றால் ஆளைச் சோதிக்கலாம், பயிற்சியைக் கட்டாயமாக்கலாம், தோட்டாக்களை மைதானத்திலேயே பூட்டிவைத்துக் கணக்கெடுத்துக் கொடுக்கலாம். இவை எல்லாம் அளவைத் தடுப்பதைவிடப் பயனுள்ளவை.

பணகுடிக் காற்றாலைகளின் இறக்கைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் காற்று எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1000 கஜச் சுடுதலில் பாதி வித்தை அதுதான். மீதிப் பாதிக்குத் தேவை ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், கணக்கு வைத்துக் கொடுக்கப்படும் ஒரு பெட்டித் தோட்டா.

பின்னூட்டங்கள் வரவேற்கப்படுகின்றன.